மூசை பிறந்த கதை

பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும். ஐயம்பேட்டைக்காரர்களுக்கு அது பழகிய வாசனை. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், பட்டு அசலா கலப்பா என்று நூல் நுனியைக் கொளுத்தி முகர்ந்து பார்க்காத நெசவு வீடு கிடையாது. நான் சொல்ல வந்தது அந்தச் சின்ன வாசனையை அல்ல. "பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்கறது" என்று தெருத்தெருவாகக் கூவிப் போகிறவர்கள் வாங்கிச் சேர்த்த கரைகளும் முந்தானைகளும் ஒரே சட்டியில் எரியும்போது வரும் வாசனையை.

சிறுவயதில் அப்படி ஒரு கொல்லைப்புறத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரும்புச் சட்டியில் போட்ட கரைகள் எரிந்து அடங்கும். சாம்பலை நீர் விட்டு அலசுவார் அந்த அண்ணன். சட்டியடியில் கறுத்துச் சுருண்ட கம்பித்தூள் மிஞ்சும். ஒரு கலியாணப் புடவையின் மினுக்கெல்லாம் ஒரு கைப்பிடித் தூளாகக் கிடக்கும். அதை அள்ளி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருப்புக் கிண்ணத்தில் போட்டு, மேலே வெண்காரம் தூவி, கரியடுப்பில் புதைத்துத் துருத்தி ஊதுவார். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துக்குள் ஒரு நிலா தெரியும். உருகிய வெள்ளி.

"அண்ணே, வெள்ளியே உருகுது. இந்தக் கிண்ணம் மட்டும் ஏன் உருகல?" என்று கேட்டேன்.

"அது நெருப்புக்குப் பழகினது, தம்பி" என்றார்.

அந்த ஒரு வரியை நான் மறக்கவில்லை. மண் எப்படி நெருப்புக்குப் பழகியது, எத்தனை காலம் பிடித்தது, அதற்கு எந்த ஊர்க்காரர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பிறகு தேடித்தேடிப் படித்தேன். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இரும்புக்கும் வரலாறு எழுதியவர்கள் ஏராளம். அவற்றைச் சுமந்த பாத்திரத்தின் கதையைச் சொல்கிறவர்கள் குறைவு.

அந்தப் பாத்திரத்துக்குத் தமிழில் பெயர் மூசை. குகை என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தில் புடக்குகை. எந்தப் பெயரில் அழைத்தாலும் வேலை ஒன்றுதான்: தான் உருகாமல், தான் சுமக்கும் உலோகத்தைக் கெடுக்காமல், நெருப்பின் நடுவில் நிற்பது. இந்த இரண்டில் உருகாமல் நிற்பதை மனிதர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். கெடுக்காமல் இருக்கக் கற்பதற்குத்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

மேற்காசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மூசைகள் கிடைத்திருக்கின்றன. பார்வைக்குத் தடித்த மண் அகல் போலத்தான் இருக்கும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். சட்டிப்பானை செய்கிற சாதாரணக் களிமண் ஏறக்குறைய அதே சூட்டில் இளகித் தொய்ய ஆரம்பித்துவிடும். அடியில் தீ மூட்டினால் செம்பு உருகுவதற்குள் சட்டி படுத்துவிடும். அந்தக் காலத்து உருக்காளிகள் அடியில் தீ மூட்டவில்லை. செம்பின் மேலேயே கரியைக் குவித்து, ஊதுகுழலால் மேலிருந்து ஊதினார்கள். சூடு உள்ளே நின்றது, சுவர் தடிமனாக இருந்ததால் வெளிப்பக்கம் அவ்வளவு சூடேறாமல் தாங்கியது. நம் ஊர்ப் பத்தர்கள் உமியோட்டுத் தணலில் சின்ன மூசையை வைத்து, குழலை வாயில் வைத்து மேலிருந்து ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உலகத்தின் முதல் உலைமுறை அது. அது இன்னும் நம் தெருவில் உயிரோடு இருக்கிறது.

மேலிருந்து ஊதி ஒரு பிடி செம்பை உருக்கலாம். அதற்குமேல் முடியாது. அதிகம் உருக்க வேண்டுமென்றால் மூசையைக் கரிக்குள் முழுதாகப் புதைத்து வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். அதற்கு மண்ணே மாற வேண்டும்.

இங்கேதான் நம் வயல் கதைக்குள் வருகிறது.

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. மாட்டுக்கும் ஆகாது, எருவுக்கும் சுலபமாக மட்காது. காரணம் அதில் இருக்கும் மணற்சத்து. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். நெருப்பு தாங்கும் களிமண்ணில் கருக்கிய உமியை நிறையச் சேர்த்துப் பிசைந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மண் காயும்போது உமி இழைபோல் பிடித்து விரிசல் விடாமல் காக்கிறது. சூடேறும்போது மூடிய மண்ணுக்குள் காற்று இல்லாததால் உமியின் கரி எரிந்துபோகாமல் அங்கேயே தங்குகிறது. சிலிக்கா எலும்புக்கூடாக நிற்கிறது. நுண்துளைகள் சூட்டதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. கரி, உள்ளே நுழையப் பார்க்கும் காற்றை எரித்துத் தடுக்கிறது. ஒரே பொருள் நான்கு வேலை செய்கிறது. இதை முதலில் பிசைந்தவர் யார் என்று ஒரு ஏட்டிலும் இல்லை. நெல் விளையும் ஊரில், களம் தூற்றிய கையால்தான் அது நடந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த உமி மூசை செய்த பெரிய காரியம் இரும்பை உருக்கியது. இரும்பு 1538 டிகிரியில் உருகும் உலோகம். பழைய உலைகள் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. பழங்கால இரும்பு பெரும்பாலும் உருகாமலேயே, பஞ்சுபோன்ற கட்டியாக எடுத்து அடித்துச் செய்தது. தென்னிந்தியக் கொல்லர்கள் அந்த இரும்பைத் துண்டு துண்டாக்கி மூசைக்குள் போட்டு, கூடவே கொஞ்சம் விறகும் வைத்து, வாயை மண்ணால் அடைத்துச் சூடேற்றினார்கள். விறகின் கரியை இரும்பு உறிஞ்சும். கரி சேரச்சேர இரும்பின் உருகுநிலை இறங்கும். ஒன்றரை விழுக்காடு கரி சேர்ந்தால் நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். மூசைக்குள் இரும்பு நீராகும். ஆறியபின் எடுத்தால் அது இரும்பல்ல. அதற்குத் தமிழன் வைத்த பெயரிலேயே செய்முறை இருக்கிறது: உருக்கு. பல மொழிகளில் எஃகுக்கான சொல் கடினத்தையோ கூர்மையையோ குறிக்கும். நம்முடைய சொல்லோ அது உருகி வந்ததைச் சொல்கிறது. கன்னடத்தின் உக்கு என்ற சொல் ஐரோப்பியர் காதில் திரிந்து 'வூட்ஸ்' ஆனது என்பது பரவலான கருத்து. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அந்தப் பெயரில்தான் கட்டுரை வாசித்தார். மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குள் போவதற்கு முன் சில ஆண்டுகள் இந்த உருக்கின் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதற்கான தடயங்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் சங்ககாலத் தொழிலூர். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில் அங்கே உலைகளும், சூட்டில் கண்ணாடிபோல் இறுகிய மூசையும் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து மேல்சிறுவலூரில் உடைந்த மூசைகளின் குவியலைக் கண்டு, அது உருக்கு செய்த இடம் என்று 1994இல் எழுதியவர் சாரதா சீனிவாசன். வெளிப்பக்கம் கண்ணாடி பூசியது போல வழவழப்பு, உடைந்த இடத்தில் கருப்பு. அந்தக் கருப்புக்குக் காரணம் உமிக்கரி.

செய்முறையை நேரில் பார்த்து விவரமாக எழுதியவர் ஜோசியா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் வந்து, சேலத்து இரும்பில் மனம் போய், 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். 1839இல் அவர் அச்சிட்ட கட்டுரையில் சேலத்து மூசை முழுசாக வருகிறது. நெருப்பு தாங்கும் களிமண்ணோடு கருக்கிய உமி ஏராளமாகச் சேர்த்துச் செய்த மூசை. ஒவ்வொன்றிலும் ஒரு ராத்தலுக்கு மிகாத இரும்பு. அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு உலர்ந்த ஆவாரங்குச்சி. மேலே ஓரிரண்டு எருக்கிலை. வாயில் மண் அடைப்பு. காய்ந்ததும் இருபது, இருபத்துநாலு மூசைகளை வளைவாக அடுக்கி, கரி மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊத வேண்டும். பிறகு ஆறவைத்து, மூசையை உடைத்து, அடியில் உறைந்திருக்கும் உருக்கு வில்லையை எடுக்க வேண்டும்.

ஆவாரை, எருக்கு, உமி, களிமண். எங்கள் பாலாற்றங்கரை மேட்டில் நின்று சுற்றிலும் கை நீட்டினால் கிடைக்கும் பொருட்கள். இரும்பும் கரியும் போக, உலகம் விலை கொடுத்து வாங்கிய வாள்களுக்கு மூலப்பொருள் இவ்வளவுதான். அந்தப் பொருட்களின் அளவும் நேரமும் அறிந்த கைகள்தான் அரிது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கையின் கனிமவள ஆய்வுத்துறைக்குத் தலைவராக இருந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்து முதியவர்கள் உருக்கு செய்து காட்டியதைப் பதிவு செய்து, 1908இல் வெளியிட்ட தம் நூலில் சேர்த்தார். அங்கே மூசை நீண்ட குழாய் வடிவம். உள்ளே வைத்த குச்சி சிங்களத்தில் ரணவரா. அது நம் ஆவாரையேதான். சூடேறிய மூசையை எடுத்து அசைத்துப் பார்ப்பார்களாம். உள்ளே தளும்பும் ஓசை கேட்டால் இரும்பு நீராகிவிட்டது என்று பொருள். மூடிய பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியக் காதைத் தவிர வேறு கருவி அவர்களிடம் இல்லை.

ஹீத்தின் கதைக்கு ஒரு வால் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், நல்ல வில்கம்பி கிடைக்காமல் தாமே மூசையில் எஃகை உருக்கத் தொடங்கியிருந்தார். அங்கே மூசைக்கான களிமண்ணை மணிக்கணக்காக வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்தினார்கள், நம் குயவர்கள் மிதிப்பது போலவே. ஊர் திரும்பிய ஹீத், அந்த ஷெஃபீல்டு மூசையில் மாங்கனீசுக் கூட்டுப்பொருள் சேர்த்தால் எஃகு மேன்மையாகும் என்று 1839இல் காப்புரிமை பெற்றார். மற்றவர்கள் சட்டத்தின் சந்தில் புகுந்து அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்காடியே காலம் கழித்து 1851இல் இறந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் பிறகு மூடப்பட்டது. சேலத்துக் கொல்லர்களின் உலையும் அணைந்தது. அந்த இழப்பு இன்றுவரை ஈடாகவில்லை.

இரும்பு உருகியதோடு மூசையின் கதை முடிந்திருந்தால் ஒரே மூசை எல்லாவற்றுக்கும் போதுமாயிருந்திருக்கும். அப்படி இல்லை. ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஒரு மூசை கேட்டது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் ரசரத்னசமுச்சயம் என்ற ரசவாத நூல் பதினைந்துக்கும் மேற்பட்ட மூசை வகைகளை அடுக்குகிறது. பொன்னுக்கு நிறம் ஏற்ற வர்ண மூசை, வெள்ளிக்கு ரௌப்ய மூசை, கடும் நெருப்புக்கு வச்சிர மூசை. புற்றுமண், கருக்கிய உமி, சணல்நார் என்று சேர்மானங்களும் சொல்கிறது. சித்த மருத்துவர்கள் வாயில் இன்றும் வச்சிர மூசை என்ற சொல் வழங்குகிறது.

அந்த நூல் சொல்லும் வகைகளில் ஒன்று கத்தரிக்காய் வடிவ மூசை. தலைகீழாக நீண்ட காம்போடு இருப்பது. இது துத்தநாகத்துக்கு. ஏன் இந்த வடிவம் என்பதில் ஒரு பெரிய அறிவு ஒளிந்திருக்கிறது. துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் ஆவியாகும். அதன் தாதுவிலிருந்து அதைப் பிரிக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் திறந்த மூசையில் அது நிற்காது, புகையாகப் போய்விடும். மூடிய கத்தரிக்காய்க்குள் தாதுவும் கரியும் வைத்து மேலே சூடேற்றி, ஆவியைக் காம்பு வழியே கீழே இறக்கிக் குளிரவைத்துச் சொட்டுச்சொட்டாகப் பிடித்தார்கள். ராஜஸ்தானின் ஜாவரில் அப்படிப்பட்ட மண் கத்தரிக்காய்கள் ஆயிரக்கணக்கில், அடுக்கிய உலையோடே கண்டெடுக்கப்பட்டுள்ளன. அங்கே வீட்டுச் சுவர்களையே பயன்படுத்திய மூசைகளால் கட்டியிருக்கிறார்கள். நூலில் எழுதியதும் மண்ணில் கிடைத்ததும் இப்படிப் பொருந்துவது அபூர்வம்.

பித்தளை உருக்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். சூடு கொஞ்சம் கூடினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அது மூச்சில் போனால் அன்று இரவே குளிர்காய்ச்சல் கண்டு உடம்பு முறுக்கும். பாத்திரப் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த நோய் அது. பித்தளை மூசைக்கு மூடி வேண்டும், உருகியதும் நிறுத்தாமல் வார்த்துவிட வேண்டும். வீட்டுக்குள், கூரைக்கடியில் இந்த வேலையே கூடாது.

இனி வெள்ளிக்கு வருகிறேன். எங்கள் ஊர் உலோகம் அது. காஞ்சிபுரம் பட்டின் சரிகைக்குச் சொல்லப்படும் பழைய தரம் 57 விழுக்காடு வெள்ளி, 0.6 விழுக்காடு தங்கம். மீதி செம்பும் பட்டு நூலும். காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் 1971 முதல் சரிகை செய்கிறது. அதற்கு முன்னும் பின்னும் சூரத்துச் சரிகை வருகிறது. அந்தப் பட்டு எரிந்தபின் மிஞ்சுவதில் வெள்ளி முக்கால், செம்பு கால் என்ற அளவில் நிற்கும். தனி வெள்ளி உருக 962 டிகிரி, தனிச் செம்பு உருக 1085 டிகிரி. இரண்டும் 72க்கு 28 என்று சேர்ந்தால் 779 டிகிரியிலேயே உருகிவிடும். நல்ல சரிகையின் சாம்பல் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில் இருப்பதால்தான் கொல்லைப்புறக் கரியடுப்பும் கைத்துருத்தியும் போதுமானதாக இருந்தன. அந்த அண்ணனுக்கு இந்த எண்கள் தெரியாது. எவ்வளவு நேரத்தில் "நிலா தெரியும்" என்பது தெரியும்.

உருகிய வெள்ளிக்கு ஒரு குணம். தன் கனஅளவைப் போல இருபது மடங்கு ஆக்சிஜனை விழுங்கும். உறையும்போது அத்தனையையும் வெளியே விடும். மேல்தோல் வெடித்துத் துப்பும். கைமேல் பட்டால் தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். அதனால்தான் மூசையில் வெள்ளியின் மேல் கரித்தூளைப் போர்த்துவது. வெண்காரம் செய்வது வேறு வேலை. சாம்பலையும் துருவையும் கரைத்து, மேலே கண்ணாடியாக மிதக்க வைக்கும். புது மண் மூசையை முதல்முறை உருக்குமுன் வெண்காரம் போட்டு உட்சுவர் முழுக்கப் பரவும்படி சுழற்றுவார் அந்த அண்ணன். மண்ணின் நுண்துளைகளை அந்தக் கண்ணாடி அடைத்துவிடும், வெள்ளி உள்ளே ஏறாது.

அந்தக் கண்ணாடிப் பூச்சால்தான் மூசையை உலோகத்துக்கு உலோகம் மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு. முன்பு உருக்கியதன் துளிகள் பூச்சுக்குள் சிக்கி நிற்கும். அடுத்த உருக்கில் கரைந்து கலக்கும். செம்பு உருக்கியதில் வெள்ளியை உருக்கினால் வெள்ளியின் தரம் இறங்கும். ஈயம் உருக்கியதில் தங்கத்தை உருக்கினால் விஷயம் இன்னும் மோசம். மிகச் சிறிதளவு ஈயம் கலந்தாலே தங்கம் அடிக்கும்போது பிஸ்கெட் மாதிரி உடையும். தங்க மூசை, வெள்ளி மூசை, செம்பு மூசை என்று அவர் தனித்தனியாக மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். ஒன்றுக்குத் தொட்டதை இன்னொன்றுக்குத் தொடமாட்டார். சின்ன வயதில் அதை ஏதோ ஆசாரம் என்று நினைத்தேன். நூறு விழுக்காடு வேதியியல் அது.

இங்கே நம் பழைய உமி மூசையிலிருந்து அந்தக் கருப்புக் கிண்ணத்துக்கு ஒரு பெரிய தாவல் இருக்கிறது. அந்தக் கிண்ணம் கிராஃபைட். அதற்கு வருமுன் மண் மூசையைப் பற்றி இன்னும் ஒன்று. ஐரோப்பாவில் ஜெர்மனியின் குரோசல்மெரோடே என்ற ஊர் மண் மூசைக்குப் பல நூறாண்டுகள் பெயர் பெற்றிருந்தது. ஏன் அது உடையவில்லை என்ற புதிர் 2006இல்தான் அவிழ்ந்தது: கடும் சூட்டில் சுட்டெடுத்ததால் களிமண்ணுக்குள் முல்லைட் என்ற ஊசிப்படிகம் பின்னிக்கிடந்தது. அந்தப் படிகத்துக்கு அறிவியலில் பெயர் வந்ததே 1924இல்தான். நம் தக்காணத்து உமி மூசைகளிலும் அதே முல்லைட் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பெயர் வருவதற்கு முன்பே இரண்டு நாட்டுக் கைகளும் அதைச் செய்துகொண்டிருந்தன.

கிராஃபைட் சூட்டை மண்ணைவிடப் பலமடங்கு வேகமாகக் கடத்தும், உருகிய உலோகம் அதில் ஒட்டாது, திடீர்ச் சூட்டுக்கும் வெடிக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஜோசப் டிக்சனும், 1856இல் லண்டன் பேட்டர்சீயில் மார்கன் சகோதரர்களும் கிராஃபைட் மூசை செய்து உலகம் முழுக்க விற்றார்கள். அவர்களுக்குச் சிறந்த கிராஃபைட் கிடைத்த இடம் இலங்கை. போகலையிலும் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் கிராஃபைட். முதல் உலகப்போரில் பீரங்கிக்கும் தோட்டாவுக்கும் பித்தளையும் எஃகும் உருக்க மூசைகள் தேவைப்பட்டபோது இலங்கைச் சுரங்கங்கள் இரவு பகலாக ஓடின. தமிழ்நாட்டில் சிவகங்கையில் அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. அதன் முக்கிய உபயோகங்களில் மூசையும் ஒன்று.

அடுத்து வந்தது சிலிக்கான் கார்பைடு மூசை. இன்னும் வலுவானது, இன்னும் நீண்ட ஆயுள். இதில் என்னை நெகிழவைத்த செய்தி ஒன்று உண்டு. 1970களில் அமெரிக்காவின் யூட்டாவில் லீ, கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள், காற்றில்லாமல் உமியைக் கடும் சூட்டுக்கு உட்படுத்தினால் அதிலுள்ள சிலிக்காவும் கரியும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும் என்று காட்டினார்கள். சேலத்துக் கொல்லர் களிமண்ணில் பிசைந்த அதே உமி.

அலுமினியம் நம் நாட்டுக்குத் தாமதமாக வந்த விருந்தாளி. சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். சேலத்தில் நெசவுச்சாலை நடத்தி விசைநாடாத் தறியைப் பரப்ப முயன்றவரும் அவரே, நெசவூர்க்காரனான நான் அந்தப் பெயரை நன்றியோடு சொல்கிறேன். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகுவதால், இரும்புச் சட்டி போதுமென்று பலர் நினைக்கிறார்கள். உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்துத் தின்னும். வார்ப்பு நொறுங்கும் குணம் பெறும், சட்டி ஒருநாள் அடுப்பிலேயே ஓட்டை விழும். கிராஃபைட்டோ சிலிக்கான் கார்பைடோதான் சரி. அதே கிராஃபைட்டில் இரும்பை உருக்கினால் அது மூசைச்சுவரின் கரியையே உறிஞ்சிக்கொண்டு மூசையை அரித்துவிடும். 1768 டிகிரியில் உருகும் பிளாட்டினத்துக்கு கிராஃபைட்டைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. கரி சேர்ந்தால் அது நொறுங்கும். அதற்குப் படிகக்கல்லை உருக்கிச் செய்த வெள்ளை மூசை.

இப்போது இளைஞர்கள் வீட்டு மாடியில், கொல்லையில் கேஸ் அடுப்பு உலை கட்டி வார்ப்பு செய்து பார்க்கிறார்கள். கைவேலை திரும்ப வருவது எனக்கு மிகவும் சந்தோஷம். அவர்களுக்காக ஒரு சம்பவம். நான் வாங்கிய முதல் கிராஃபைட் மூசையை ஐப்பசி மழையில் ஈரச்சுவர் அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு நாள் அப்படியே எடுத்து, அலுமினியத் துண்டை இறுக்கித் திணித்து உலையில் வைத்தேன். இரண்டு தப்பு. கிராஃபைட் மூசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மெதுவாக இருநூறு டிகிரிக்கு மேல் சூடுகாட்டி ஈரத்தை விரட்டாவிட்டால் ஆவி சுவரைப் பிளக்கும். உலோகத் துண்டு மூசையைவிட அதிகம் விரியும். இறுகத் திணித்தால் உள்ளிருந்து பிளக்கும். என் மூசை உதட்டிலிருந்து அடிவரை பிளந்து, உருகிய அலுமினியம் உலைக்குள் கொட்டியது. என் காலில் தோல் செருப்பு இருந்ததும், உலையடியில் உலர்ந்த மணல் இருந்ததும் என்னைக் காப்பாற்றின. சிமெண்ட் தரையாக இருந்திருந்தால் தரைக்குள் இருக்கும் ஈரம் வெடித்திருக்கும்.

இன்னொன்று. ஒரு கிலோ அலுமினியம் பிடிக்கும் மூசை மூன்று கிலோவுக்கு மேல் செம்பைப் பிடிக்கும். அலுமினியத்துக்குப் பழகிய கையும் குறடும் செம்பைத் தூக்கும்போது தடுமாறும். குறடு மூசையின் உதட்டை நசுக்கக் கூடாது, வயிற்றை அணைத்துப் பிடிக்க வேண்டும்.

அந்தச் சரிகை அண்ணன் இன்று இல்லை. அவர் மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த மூசைகள் என்ன ஆயின என்று விசாரித்தேன். வீடு இடித்துக் கட்டியபோது குப்பையோடு போய்விட்டதாம். மூசைக்கு எப்போதும் நடப்பது அதுதான். வெள்ளியை எடுத்துக்கொண்டு மூசையை எறிவார்கள், உருக்கை எடுக்க மூசையை உடைப்பார்கள். மேல்சிறுவலூரிலும் கொடுமணலிலும் அந்த உடைந்த சில்லுகள் மண்ணில் மிஞ்சியதால்தான், இங்கே உருக்கு செய்தார்கள் என்பதற்கே சாட்சி கிடைத்தது. உருக்கெல்லாம் எங்கெங்கோ போய்விட்டது.

நிலம் உழும்போதோ, ஏரி தூர்வாரும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, வெளியே கண்ணாடிபோல் வழவழப்பும் உடைந்த இடத்தில் கருப்பும் உமியின் தடமும் கொண்ட மண்சில்லு கிடைத்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.